மழைக்கு முன் மரவேலை

போர்ட் பிளேரின் ஹாடோ பகுதியிலிருந்து ஒரு பாலத்தைக் கடந்தால் சாத்தம். சிறிய தீவு. அதன் பெரும்பகுதியை 1883-இல் தொடங்கிய அரசு மரம் அறுக்கும் ஆலை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆசியாவிலேயே பழமையான, பெரிய ஆலைகளில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். அந்தமான் காடுகளின் படாக், குர்ஜன், சுக்லம், பியின்மா, கோகோ என்று வகைவகையான மரங்கள் இங்கே பலகையாகவும் சட்டமாகவும் மாறித் தீவெங்கும் போயின. அறுபட்ட மரத்தில் ஒரு பங்கு வீட்டுக்குள் கதவாகவும் கட்டிலாகவும் சுகமாக இருக்கிறது. இன்னொரு பங்கு படகுத்துறையாக, நடைபாலமாக, கொட்டகைக் காலாக, வேலியாக, பூங்கா இருக்கையாக வெட்டவெளியில் நிற்கிறது. அந்த இரண்டாம் பங்கின் ஆயுள் எதனால் முடிகிறது, அதை நீட்டிக்க மழைக்கு முன் என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். மழை பட்டு மரம் கெடுகிறது என்பது பொதுவான எண்ணம். ஆகவே மழை படாமல் பெயிண்ட் பூசி மூடிவிட்டால் போதும் என்று முடிவு கட்டுகிறோம். அந்த எண்ணம் பாதிதான் சரி. பட்ட மழை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்குவதால்தான் மரம் சாகிறது. அப்படிப் பார்த்தால், மழைக்கு முந்தைய வேலையில் பெரும்பகுதி பூச்சு வேலையாக இருக்க நியாயமில்லை. மரம் காய்வதற்கு வழி திறந்துவிடும் வேலையாகத்தான் அது இருக்க வேண்டும்.

வெளியில் நிற்கும் மரத்தைப் பராமரிப்பது பற்றி உலகில் எழுதப்பட்டதில் மிகுதி குளிர் நாட்டாருடையது. பனி விழுமுன் தளத்தைத் துடை, விரிசலை அடை, பனிப்பாரத்தைத் தாங்குமா என்று பார் என்றெல்லாம் நீளும் அந்த அறிவுரைகளைப் படித்தால், கடுங்குளிர்தான் மரத்துக்கு எமன் என்று தோன்றும். உயிரியல் வேறு சொல்கிறது. மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சைகளுக்குக் குளிர்காலம் விடுமுறை. வெப்பம் உறைநிலையை நெருங்கினால் அவை சாவதில்லை, ஆனால் வேலையை நிறுத்திவிடுகின்றன. அமெரிக்க மரவியல் அறிஞர் தியோடர் ஷெஃபர் 1971-இல் இதை ஒரு எளிய கணக்காகவே போட்டுக் காட்டினார். ஒரு மாதத்தின் சராசரி வெப்பத்தை செல்சியஸில் எடுத்து அதிலிருந்து 2-ஐக் கழி, அந்த மாதத்தில் கால் மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்த நாள்களின் எண்ணிக்கையிலிருந்து 3-ஐக் கழி, இரண்டையும் பெருக்கு, பன்னிரண்டு மாதங்களையும் கூட்டி 16.7-ஆல் வகு. வரும் எண், தரைக்கு மேலே வெளியில் நிற்கும் மரம் அந்த ஊரில் எவ்வளவு வேகமாக மக்கும் என்பதற்கான அளவு. 35-க்குக் கீழே ஆபத்து குறைவு, 65-ஐத் தாண்டினால் கடுமை. ஜனவரியில் சராசரி வெப்பம் 2 பாகையைத் தொடாத ஊருக்கு அந்த மாதத்தின் பங்கு பூச்சியம். அந்தமானின் மழைக்கால மாதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: சராசரி 27 பாகை, இருபது நாள் மழை என்று வைத்தால், 25-ஐ 17-ஆல் பெருக்கி 16.7-ஆல் வகுக்க, 25-க்குச் சற்று மேல் வருகிறது. ஒரே மாதத்தின் கணக்கு இது. இப்படி மூன்று மாதங்கள் போனால் ‘கடுமை’ என்ற கோட்டைத் தாண்டிவிடுகிறோம். அதன் பிறகும் ஆண்டு மிச்சமிருக்கிறது. மே மூன்றாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை வந்து சேர்ந்து, அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவம் தொடர்ந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் கொட்டும் ஊர் இது. சாத்தத்தின் ‘குளிர்காலம்’ மே மாதத்தில் தொடங்குகிறது என்றே சொல்லலாம், குளிர் மட்டும்தான் இல்லை.

பூஞ்சைக்கு வேண்டியவை நான்கு: உணவு, காற்று, மிதமான சூடு, தண்ணீர். உணவு மரமேதான். காற்றைத் தடுக்க முடியாது, சூட்டையும் சாத்தத்தில் குறைக்க முடியாது. நம் கையில் இருப்பது தண்ணீர் ஒன்றே. மரத்தில் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. முதலில் அது நார்களின் சுவருக்குள் ஊறுகிறது. காய்ந்த எடையில் 28 முதல் 30 சதவீதம் வரை அந்தச் சுவரே பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வரும் நீர் நார்களின் உட்குழிகளில் தளும்பி நிற்கும். இந்தத் தளும்பும் நீர் கிடைத்தால்தான் பூஞ்சை வேரூன்றி மரத்தைத் தின்னத் தொடங்கும். நடைமுறையில், எச்சரிக்கைக்கு இடம் விட்டு, 20 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் மரம் பத்திரம் என்று கொள்கிறார்கள். அதோடு, பூஞ்சையின் சேதம் கண்ணுக்குத் தெரியும் முன்பே பெரிதாகிவிடும். எடையில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாத கட்டத்திலேயே, திடீர் அதிர்வைத் தாங்கும் திறனில் பாதிக்கு மேல் போய்விடக்கூடும். நடைபாலத்தின் கைப்பிடி பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, சாய்ந்ததும் முறிந்துவிட்டது என்று செய்திகளில் வருவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். மாதக்கணக்கில் மழை, மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் குறையாது, துவைத்துப் போட்ட துணியே காயாத ஊரில் மரம் எங்கே காயும்? வழி திறந்துவிட்டு என்ன பயன்? கேள்வியில் நியாயம் இருந்தாலும் விடை எண்களில் இருக்கிறது. மரம் காற்றோடு ஒரு சமநிலைக்கு வரும் பொருள்; காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ற அளவு நீரை ஏற்று அங்கே நின்றுவிடும். ஏறக்குறைய 27 பாகை சூட்டில், காற்றில் 80 சதவீத ஈரப்பதம் இருந்தால் மரத்தின் ஈரம் 16 சதவீதத்தில் நிற்கும். காற்று 90 சதவீதத்துக்குப் போனாலும் மரம் 20-ஐ ஒட்டியே நிற்கும். காற்றின் ஈரம் மட்டும் எத்தனை மாதம் நீடித்தாலும் நார்க்குழிகள் தளும்பும் அளவுக்கு மரத்தைக் கொண்டுபோகாது. அதற்குச் சொட்டும் நீர், தேங்கும் நீர், மண் உறிஞ்சிக் கொடுக்கும் நீர் வேண்டும். ஆகவே ஈரக்காற்றுள்ள ஊரில் மரம் மெதுவாகத்தான் காயும் என்பது உண்மை. காயவே காயாது என்பது உண்மையில்லை. மெதுவாகக் காயும் ஊரில்தான் ஒவ்வொரு தேக்கத்தையும் ஒழிக்க வேண்டிய அவசியம் அதிகம். ராஜஸ்தானில் ஒரு பொருத்தில் நான்கு நாள் நிற்கும் நீர் சாத்தத்தில் நாற்பது நாள் நிற்கும் என்றால், அந்தப் பொருத்தைக் கவனிக்க வேண்டியவர் சாத்தத்துத் தச்சரே. மேற்பரப்பில் பச்சையும் கறுப்புமாகப் படரும் பூசணம் ஈரக்காற்றிலேயே வரும் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அது அழகைக் கெடுக்கும், வலிமையைத் தொடாது. சோப்பும் தேய்ப்பானும் கொண்டு கழுவி விடலாம்.

நீர் எங்கே தங்குகிறது என்று பார்த்தால் கெடும் இடம் தானே தெரிந்துவிடும். நிற்கும் மரத்தில் வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய குழாய்கள் அறுத்த பலகையிலும் அப்படியே இருக்கின்றன. அதனால் பலகையின் முகத்தில் விழும் மழையைவிட, அதன் முனையில், அதாவது குறுக்கே வெட்டுப்பட்ட இடத்தில் படும் மழை பத்து மடங்குக்கு மேல் வேகமாக உள்ளே போகும். உள்ளே போன நீர் அதே வேகத்தில் வெளியே வரவும் கூடும், முனை திறந்திருந்தால். இரண்டு பலகைகளின் முனைகள் நெருக்கி முட்டிக்கொண்டிருந்தால், சட்டத்தின் முனை தூணின் பொளிக்குள் செருகி இருந்தால், தூணின் அடி சிமெண்டுக்குள் புதைந்திருந்தால், நீர் உள்ளே போன வழியில் திரும்பாது. தூணைச் சுற்றிச் சிமெண்டு போட்டு இறுக்குவதைப் பலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். மரம் நனைந்து விரியும், காய்ந்து சுருங்கும், சிமெண்டு அசையாது. ஒரு பருவம் முடிவதற்குள் இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்து, மழைநீர் அதற்குள் இறங்கி, கிண்ணத்தில் ஊறப்போட்ட பருப்பு போல அடிமரம் மாதக்கணக்கில் கிடக்கும்.

மண்ணில் நட்ட தூணை நான்கு ஆண்டு கழித்துப் பிடுங்கிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். மேலே மரம் நன்றாக இருக்கும். ஆழத்தில், களிமண்ணின் ஈரத்தில் மூழ்கிக் கிடந்த நுனிகூடச் சில வேளை நன்றாகவே இருக்கும். தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் அளவு மட்டும் மெலிந்து, விரலால் உதிர்க்கும் பதத்துக்கு வந்திருக்கும். நீரும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் பட்டை அது ஒன்றுதான். முழுக்க நீரில் அமிழ்ந்த மரத்துக்குக் காற்று இல்லை, ஆகவே மக்கலும் இல்லை. நம் ஊர்க் கிணறுகளின் அடியில் நெல்லிக்கட்டை போட்ட பெரியவர்களுக்கும், சேற்றில் மரக்கழிகளை அறைந்து அதன்மேல் வெனிஸ் நகரத்தை எழுப்பியவர்களுக்கும் அதை நம்பிக் காரியம் செய்யும் துணிவு இருந்தது. கடல்நீரில் மட்டும் அந்தக் கணக்குத் தப்பும், அங்கே டெரிடோ என்ற சிப்பியினம் மரத்தைக் குடைந்து தின்கிறது. படகுத்துறைக் கால்களுக்கு அதனால் தனி வைத்தியம் வேண்டும்.

நெடுநாள் நிற்கும் மரக்கட்டடங்களைப் பாருங்கள், எல்லாமே இந்தப் பட்டையைத் தவிர்த்தவை. நார்வேயில் உர்னெஸ் என்ற ஊரின் மரத் தேவாலயம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கு முந்தைய தேவாலயங்களில் தூண்களை நேரே மண்ணில் நட்டார்கள்; அடி இற்று அவை அழிந்தன. பிறகு கல்வரிசையின்மேல் கிடைச்சட்டம் வைத்து அதன்மேல் தூணை நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள், அந்தத் தலைமுறைக் கட்டடங்களே மிஞ்சின. ஜப்பானின் நாரா அருகே ஹோர்யூஜி ஆலயத்தின் ஐந்தடுக்குக் கோபுரத்தின் கதை இன்னும் தெளிவானது. அகன்ற இறவாரங்கள் ஐந்தும் கீழுள்ள மரவேலை முழுவதையும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் காத்தன. நடுத்தூணின் மண்ணுக்குள் புதைந்த அடிப்பகுதி மட்டும் இற்றுக் குழியாகிப் போயிருந்தது. ஒரே தூண், ஒரே மரம், ஒரே ஊர் மழை. வித்தியாசம் அடியில் மட்டும். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்கள் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். இரண்டு பருவமழையையும் வாங்கும் கன்னியாகுமரி மாவட்டம் அது, ஆகவே சாத்தத்துக்கு உறவுக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். சரிந்து நீண்டு இறங்கும் ஓட்டுக்கூரை, மழைநீர் சுவரைத் தொடாமல் தள்ளிவிடும் இறவாரம், மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே கல். பெயிண்ட் டப்பா வராத காலத்து ஏற்பாடு.

மருந்து இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. இதைச் சொல்ல இந்தியாவுக்குத் தனி உரிமையும் உண்டு. செம்பு, குரோமியம், ஆர்செனிக் உப்புகளைச் சேர்த்து மரத்துக்குள் அழுத்தி ஏற்றும் முறையை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தவர் சோன்டி காமேசம். ‘ஆஸ்க்யூ’ என்ற பெயரில் தொடங்கி உலகமெங்கும் மின்கம்பங்களையும் வேலிக்கால்களையும் காத்தது அந்த மருந்து. ஆர்செனிக் குறித்த அச்சத்தால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களில் அது விலக்கப்பட்டது, வேறு செம்பு மருந்துகள் அந்த இடத்துக்கு வந்தன. மருந்தின் பயனை மறுக்க எதுவும் இல்லை. ஆனால் அது மரத்தின் வெளிவட்டமான வெள்ளைப் பகுதியில் நன்றாக ஏறும். வைரம் பாய்ந்த உட்பகுதியில் பல மரங்களில் ஏறவே மறுக்கும். மருந்தேற்றிய சட்டத்தை வேலையிடத்தில் ஒரு சாண் அறுத்துவிட்டால், அறுத்த முனையில் மருந்தில்லாத உள்மரம் திறந்து கிடக்கும். முனைதான் பத்து மடங்கு நீர் குடிக்கும் இடம் என்பதை மேலே பார்த்தோம். அறுத்த ஒவ்வொரு முனைக்கும், போட்ட ஒவ்வொரு துளைக்கும் தூரிகையால் மருந்து தொட்டு வைப்பது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம்தான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

நல்ல மரமாகப் போட்டால் போதாதா என்றும் கேட்கலாம். மரங்களின் நீடிப்பை அறிய இதே டேராடூன் நிறுவனம் கையாளும் முறைக்கு ‘மயானச் சோதனை’ என்று பெயர். சுமார் இரண்டடி நீள வைரக்கட்டைகளை வரிசையாகப் பாதி வரை மண்ணில் புதைத்து, எப்போது சாகின்றன என்று ஆண்டாண்டாகப் பார்க்கிறார்கள். சராசரியாக 120 மாதம் தாண்டினால் முதல் வகுப்பு, 60 முதல் 120 வரை இரண்டாம் வகுப்பு, அதற்குக் கீழே மூன்றாம் வகுப்பு. கவனிக்க வேண்டியது, முதல் வகுப்புக்கு வைத்த எல்லையே பத்து ஆண்டுதான் என்பது. பத்மநாபபுரத்துத் தேக்கு நூற்றாண்டுகள் நிற்கிறது. மண்ணில் புதைத்த தேக்குக்குப் பத்தாண்டு நின்றாலே முதல் வகுப்பு. இந்த இடைவெளி முழுவதும் மரம் நிற்கும் இடத்தால் வருவது. மேலும், அந்த வகுப்பெல்லாம் வைரத்துக்கு மட்டும். படாக்கின் சிவந்த உள்மரம் பேர்போனது, அதைச் சுற்றிய வெளிறு மற்ற எந்த மரத்தின் வெளிறையும் போலச் சாதாரணமானதே.

பெயிண்டை அடியோடு தள்ளிவிடுவதும் சரியில்லை. வெயில், குறிப்பாக அதன் புறஊதாக்கதிர், மரத்தின் மேல்தோலைச் சாம்பல் நிறமாக்கி நுண்ணிய விரிசல்களைத் திறக்கும். நிறமுள்ள பூச்சு அதைத் தடுக்கிறது. பிரச்சினை, வார்னிஷ் மாதிரி கண்ணாடித் தோலாகப் படியும் பூச்சுகளில். மரம் விரிந்து சுருங்க, தோல் பொருத்துகளில் கிழியும். கிழிசல் வழியே நீர் தாராளமாகப் போகும், மீதித் தோல் அதை வெளியே விடாது. பூச்சு பளபளவென்றிருக்க, உள்ளே மரம் பொடியாகி இருப்பது இப்படித்தான். தோலாகப் படியாமல் மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சு ஆண்டுதோறும் போட வேண்டிய தொல்லை உடையது, ஆனால் ஆவியைத் தடுக்காது. வெளிவேலைக்கு அதையே பரிந்துரைப்பேன், முனைகளுக்கு மட்டும் விதிவிலக்கு: அங்கே கெட்டியான அடைப்பே வேண்டும். இங்கு ஓர் ஓரக் குறிப்பு. பூச்சு விற்கப்படும் பொருள். அதற்கு விளம்பரம் உண்டு, மதிப்பீட்டில் சதுர மீட்டர் கணக்கு உண்டு. பலகைகளுக்கு நடுவே விடும் எட்டு மில்லிமீட்டர் இடைவெளியை யாரும் விற்க முடியாது, அதனாலேயே அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எல்லாம் சரி, எப்போது என்ன செய்வது? அந்தமானில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை மிகக் குறைவு. மரம் ஆண்டிலேயே அதிகம் காய்ந்திருப்பது மார்ச், ஏப்ரலில். அடைப்பதும் பூசுவதும் அப்போதுதான். முதல் கோடைமழைக்குப் பிறகு பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். முதல் வேலை சோதனை. கூர்மையான ஆணியையோ சிறிய உளியையோ தரைமட்டத்தை ஒட்டிய மரத்தில் நாரோடு ஒட்டிச் செருகி, மெல்ல நெம்ப வேண்டும். நல்ல மரமானால் ‘சடக்’கென்ற ஓசையோடு நீண்ட சிம்பு ஒன்று ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டே எழும்பும். பூஞ்சை பிடித்த மரத்தில் ஓசை வராது; உளி முனைக்கு மேலேயே குறுக்கே முறிந்து, சிறு சில்லுகளாக உதிரும். வெளித்தோற்றத்தில் மாற்றமில்லாத மரத்தையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். பொருத்துகளிலும் ஆணி, போல்ட் துளைகளைச் சுற்றியும் இதையே செய்யலாம். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஆணி துருவேறித் துளையை அகலமாக்கும், அது ஒரு சிறு புனலாகிவிடும். நாகப்பூச்சுள்ள போல்ட்டோ எவர்சில்வர் போல்ட்டோ போட்டால் அந்தக் கவலை குறையும். அடுத்து, பலகை இடுக்குகளில் அடைந்த சருகையும் மண்ணையும் சீவி எடுப்பது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இடுக்கில் அடைந்த சருகு, மண்ணைக் கொண்டுவந்து மரத்தின்மேல் வைத்ததற்குச் சமம், தரைமட்டப் பட்டை மேலே ஏறி வந்துவிட்டது என்று பொருள். தூணின் அடியில் சேர்ந்த மண்ணை விலக்கி, முடிந்த இடத்தில் அடியை அறுத்து, கல்லின்மேலோ இரும்புக் குதிகால் மேலோ ஓரங்குலம் தூக்கி நிறுத்தலாம். தூணின் உச்சி வெட்டுமுகத்துக்குத் தகரத் தொப்பி. கூரைக்கு இறவாரம் போதாவிட்டால் ஓரடி நீட்டுவது. இவ்வளவுக்கும் பிறகே பூச்சு டப்பாவைத் திறக்க வேண்டும்.

இதெல்லாம் சில ஆண்டு கூடுதலுக்காகத்தானே, கெட்டால் மாற்றிக்கொள்ளலாமே என்ற எண்ணம் முன்பு சாத்தத்தில் செல்லுபடியாகி இருக்கும். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஒட்டி, தீவுகளின் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. உள்ளூர்த் தேவைக்கு மட்டும் என்றாகிவிட்ட பிறகு, இற்றுப்போன ஒரு படாக் தூணுக்குப் பதில் இன்னொன்று வாங்குவது முன்போல் எளிதில்லை. இரண்டு ஆண்டு கழித்து வந்த 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் அமிழ்ந்தது. சிப்பிகாட் போன்ற தாழ்வான இடங்களில் கடல் உள்ளே வந்துவிட்டது. உலர்ந்த மண்ணில் நின்ற கால்கள் ஓதமட்டத்துக்குள் வந்தன. எந்தத் தூண் தரைமட்டப் பட்டைக்குள் இருக்கிறது என்பதைப் பழைய வரைபடத்தை வைத்துச் சொல்ல முடியாது, அந்தந்த மழைக்கு முன் நேரில் பார்த்தால்தான் உண்டு.

காயவிட்ட மரத்தை எதுவுமே தொடாது என்று சொல்லி முடிப்பது பொய்யாகிவிடும். மண்ணிலிருந்து ஏறும் கரையானுக்கு ஈரமும் மண்வழியும் வேண்டும். கல்லின்மேல் தூக்கி நிறுத்திய தூணில் அது மண்குழாய் கட்டித்தான் ஏற வேண்டும், கட்டினால் கண்ணில் படும், தட்டிவிடலாம். காய்ந்த மரத்திலேயே குடியிருக்கும் கரையான் இனங்களும், வெளிறிலுள்ள மாச்சத்தைத் தின்று மாவாக உதிர்க்கும் வண்டுகளும் வேறு ரகம். ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே போனாலும் அவை பொருட்படுத்துவதில்லை. அவற்றைத் தடுக்க வெளிறை நீக்கிய வைரக்கட்டை வேண்டும், இல்லாவிட்டால் காமேசத்தின் வழிவந்த மருந்து வேண்டும். தூணின் அடியில் மெல்லிய மாவும் கடுகு போன்ற துகளும் கொட்டிக் கிடந்தால் ஈரத்தைத் தேடி நேரத்தை வீணாக்காமல் மருந்துக்காரரைக் கூப்பிடுவதே சரி.